சப்பாத்துக்கு அக்கரையில் நிச்சயம்

திற்பரப்பு சித்தி: அணையைத் திறந்துவிட்டார்களாம். அருவியில் யாரையும் குளிக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு எப்படிப் போவது?

பிரதீப்: எந்த அணை சித்தி?

திற்பரப்பு சித்தி: எனக்குத் தெரிந்த அணை ஒன்றுதான்.

குலசேகரம் மாமா: அவசரப்படாதீர்கள். பேச்சிப்பாறை அணைக்கு முழு நீர்மட்டம் 48 அடி. நிறையும்வரை காத்திருக்க மாட்டார்கள், மழை வலுத்தால் முன்பே மறுகால் திறந்து உபரிநீரை விடுவார்கள். அந்தத் தண்ணீர் திற்பரப்பு, மூவாற்றுமுகம், குழித்துறை என்று கீழே போகும். பெண் வீட்டுக்குப் போகும் சப்பாத்து, அந்தத் தரைப்பாலம், அணைக்கு மேலே, மலைப்பக்கம். மறுகால் தண்ணீர் மேட்டில் ஏறாது. சப்பாத்தை முக்குவது மலைமழை. பெருஞ்சாணி வேறு அணை, 77 அடி, பரளியாறு. அதை இதில் சேர்க்காதீர்கள்.

பிரதீப்: சரி மாமா.

குலசேகரம் மாமா: முடிக்கவில்லை. பேச்சிப்பாறையை 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டிமுடித்தார்கள். மிஞ்சின் துரை என்று ஒரு இன்ஜினீயர்

மைனி: துரை நிச்சயத்துக்கு வருகிறாரா? இலை எண்ணிக்கை சொல்ல வேண்டும் 😄

குலசேகரம் மாமா: அவர் கல்லறை அணைப்பக்கம் இருக்கிறது. சிரிக்காதே.

பெரியம்மா: அடைப்பிரதமன் பாயசம் வைக்க உருளிப் பாத்திரம் யார் எடுக்கிறீர்கள்?

திற்பரப்பு சித்தி: உங்களிடம்தானே இருக்கிறது. அம்மா எனக்கென்று சொன்ன உருளி.

பெரியம்மா: உன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குக் கொண்டுபோய் ஒரு காதை ஒடித்துத் தந்தாய். பற்றவைத்த இடம் இன்றும் கரடுமுரடாக இருக்கிறது, துணி இல்லாமல் பிடிக்க முடியாது.

திற்பரப்பு சித்தி: வரும்போதே விரிசல் இருந்தது.

சுருளோடு அண்ணன்: விரிசலா? அப்போது உண்மைதானா?

பிரதீப்: உருளியில், அண்ணா.

சுருளோடு அண்ணன்: அணையில் விரிசல் என்று ஒரு குரல்பதிவு வந்தது. நான்கு குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

குலசேகரம் மாமா: உடனே அழி! ஊர் பதறிவிடும்.

மைனி: பெண்ணின் அப்பாவிடம் யாராவது பேசினீர்களா?

மைனி: யாரும் இல்லையா? நானே பேசினேன். நான்கு நாளாக மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லையாம். சப்பாத்தில் முட்டளவு தண்ணீர், பஸ் இக்கரையிலேயே திரும்புகிறது. குலசேகரத்தில் மண்டபம் பார்க்கலாமா என்று கேட்டார்.

பெரியம்மா: நிச்சயம் பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும் மக்களே. மண்டபம் கல்யாணத்துக்கு.

குலசேகரம் மாமா: என் வீட்டு முற்றம் போதும்.

திற்பரப்பு சித்தி: உங்கள் வீட்டிலா? 🙏

பிரதீப்: சனிக்கிழமை மாலை மழையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெரியம்மா: அப்போது உருளி?

சுருளோடு அண்ணன்: அனுப்பியதை அழிப்பது எப்படி? ஒரு குழுவில் மட்டும் அழிந்தது.