இன்றைய பிரபஞ்ச விரிவில் குவாண்டம் ஈர்ப்புக்குப் பங்கு உண்டா?

வான்நோக்கி:
ஈர்ப்பில் குவாண்டம் விளைவுகள் தலைகாட்டும் பிளாங்க் நீளம் ஏறத்தாழ 1.6 × 10⁻³⁵ மீட்டர். புரோட்டானே அதைவிடச் சுமார் 10²⁰ மடங்கு பெரியது. அப்படியிருக்க, 1998இல் சூப்பர்நோவா ஆய்வுகள் வெளிப்படுத்திய, பிரபஞ்ச விரிவின் இன்றைய முடுக்கத்தோடு அவ்விளைவுகளை இணைத்துப் பேசுவது எவ்வாறு பொருந்தும்? தொடக்க காலத்தைப் பற்றி மட்டும் என்றால் எனக்கு ஐயமில்லை.

வளைகோடு:
தொடக்க காலத்தில் கணக்கு தெளிவாகவே நிற்கிறது. வளைந்த காலவெளியில் புலங்களின் குவாண்டம் விளைவுகளைச் சேர்த்தால் ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் வளைவின் இருமடி சார்ந்த திருத்தங்கள் தோன்றும் என்பதையும், அவற்றாலேயே பிரபஞ்சம் அதிவேகமாக வீங்கக்கூடும் என்பதையும் 1980இல் இயற்பியலாளர் அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி காட்டினார். வளைவு தணிந்ததும் அத்திருத்தங்கள் வலுவிழந்துவிடுவதால், இன்றைய முடுக்கத்துக்கு அவை உதவமாட்டா.

முடிவிலி:
வெளியே நுண்ணிய துணுக்குகளால் ஆனது எனக் கொண்டு பிரபஞ்சத்தைக் கணிக்கும் லூப் குவாண்டம் அண்டவியலிலும் இதே நிலைதான். அங்கே விரிவுச் சமன்பாட்டில் நுழையும் திருத்தம், பிரபஞ்சத்தின் அடர்த்திக்கும் பிளாங்க் அடர்த்தியை ஒட்டிய ஓர் உச்ச அடர்த்திக்கும் உள்ள விகிதமே. கன மீட்டருக்கு 10⁹⁶ கிலோகிராம் அளவிலான அந்த உச்சத்தை நெருங்கும்போது ஈர்ப்பு விலக்குவிசையாக மாறுகிறது. இன்றைய 10⁻²⁶ கிலோகிராமில் அந்தத் திருத்தம் 10⁻¹²² மட்டுமே.

எண்ணித்துணி:
மேலே சொன்ன இரண்டும் அடர்த்தியையோ வளைவையோ நம்புகின்றன. இயற்பியலாளர் ரஃபேல் சோர்கினின் வாதம் எண்ணிக்கையை நம்புகிறது, கேள்விக்கு நேரான விடை அதில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன். காலவெளி தனித்தனிக் கூறுகளால் ஆனது என்றால், கூறுகளின் எண்ணிக்கை அதன் வர்க்கமூல அளவுக்கு ஏறி இறங்கும். இன்றைய முடுக்கத்தைக் குறிக்க ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் சேர்க்கப்படும் அண்டவியல் மாறிலியோ காலவெளியின் நான்கு பரிமாணக் கனஅளவின் இணை மாறி (ஒன்று துல்லியமானால் மற்றது நிச்சயமற்றுப்போகும் ஜோடி) என்பதால், எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழான அளவில் அதுவும் அலைபாயும். பிளாங்க் அலகில் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 8 × 10⁶⁰. அதன் நான்காம் அடுக்கு, அதாவது நான்கு பரிமாணக் கனஅளவில் அடங்கும் கூறுகளின் எண்ணிக்கை, 10²⁴⁴ஐ ஒட்டி வரும். தலைகீழ் வர்க்கமூலம் 10⁻¹²². அளவீடுகள் தரும் மாறிலியும் பிளாங்க் அலகில் இதே வரிசையில்தான் உள்ளது. 1998க்கு முன்பே இது முன்வைக்கப்பட்டது என்பது சாதாரண விஷயமல்ல.

வான்நோக்கி:
அப்படியானால் வயது கூடக்கூட அந்த மாறிலியும் மாற வேண்டுமே?

எண்ணித்துணி:
ஆம், குறியே மாறவும் கூடும். மாறிலியின் சராசரி சுழியம் என்று கொள்ள வேண்டியிருப்பதுதான் இவ்வாதத்தின் பலவீனம்; ஏன் சுழியம் என்பதற்கு அது விளக்கம் தருவதில்லை. முடுக்கத்துக்குக் காரணமாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறுவதாக, விண்மீன் மண்டலங்களின் பரவலை அளக்கும் டெசி (DESI) ஆய்வின் 2024, 2025 முடிவுகள் குறிப்புக் காட்டியிருந்தாலும், அது உறுதியாகும்வரை இதற்கு ஆதரவாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.