புதுப்பிப்பு: உதகையில் எக்ஸ்ஆர்டி கருவி, செம்புக் குழாயா கோபால்ட் குழாயா?

எங்கள் புவியியல் துறைக்கு வாங்கும் எக்ஸ்ஆர்டி கருவிக்கு (எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் கோணங்களைக் கொண்டு கனிமங்களை இனங்காணும் கருவி) எந்த உலோகத்தில் கதிரை உண்டாக்கும் குழாய் ஏற்றது என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. செம்புக் குழாயே போதும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். ஆனால், இரும்பு மிகுந்த மண்ணில் செம்பின் கதிர் இரும்பை ஒளிரவைத்துப் பின்புல இரைச்சலைக் கூட்டிவிடும், கோபால்ட் கேளுங்கள் என்று ஒருவர் எழுதியதே கைகொடுத்தது. ஒப்பந்தப்புள்ளியில் அதையே குறிப்பிட்டோம். கோத்தகிரிப் பக்கத்து லேட்டரைட்டில் (இரும்பும் அலுமினியமும் மிகுந்த செந்நிற மண்) கிப்சைட் என்ற அலுமினியக் கனிமத்தின் உச்சம், கதிர் சிதறும் கோணம் 21.3 பாகையில் (செம்புக் குழாயில் இது 18.3) மாணவர்களே அடையாளம் காணும்படி தெளிவாக எழுகிறது. குழாய்க்கு ஏற்ப பாகை மாறுவதால், செம்புக் குழாயில் எடுத்த பழைய படங்களோடு ஒப்பிடும்போது பாகையை விட்டு, டி-இடைவெளியைத்தான் (படிகத்தின் அணு அடுக்குகளுக்கு இடையிலான தொலைவு) பார்க்க வேண்டும்.

எதிர்பாராதது மூடுபனிதான்: கருவியைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயின் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றதால், குளிர்விப்பானின் வெப்பநிலையைச் சற்று உயர்த்தி, ஈரநீக்கியும் வாங்க வேண்டியதாயிற்று, மலையில் வாங்குவோர் அத்தொகையை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது.