தொற்றுக்கு அஞ்சுபவர், நோய்க்கு அஞ்சுபவர்: தகுந்த சொற்கள் எவை?

தாமரைக்குளம்:
நான் எழுதிவரும் சிறுகதையில் ஓர் அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். பேருந்துக் கம்பியைத் தொட்டுவிட்டு வீடு திரும்பும் தங்கை, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். கழுவிய கையால் குழாயை மூடிவிட்டோமே என்று மறுபடியும் கழுவுவாள். அழுக்கைப் பொருட்படுத்தாத அண்ணனோ, தலைவலி வந்தாலே மூளையில் கட்டி என்று முடிவுகட்டி, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அடுத்த மருத்துவரைத் தேடிப் போவான். இவர்களைச் ‘சுத்தப் பைத்தியம்’, ‘நோய்ப் பைத்தியம்’ என்றெழுத மனம் வரவில்லை. வேறு சொற்கள் உண்டா?

சொல்லாய்வு:
தங்கையின் அச்சத்துக்கு ‘மைசோஃபோபியா’ என்று 1879இல் பெயரிட்டவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் ஹாமண்ட். ‘கிருமி அச்சம்’ என்பதைவிடத் ‘தொற்றச்சம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். அவள் அஞ்சுவது கிருமிக்காகத்தான் என்பதில்லை, பிறர் கைபட்டது என்ற எண்ணமே போதும். அண்ணனுடையது ‘ஹைப்போகாண்ட்ரியா’, விலாவுக்குக் கீழுள்ள வயிற்றுப் பகுதியைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மனச்சோர்வு அங்கிருந்தே கிளம்புவதாகப் பழைய மருத்துவர்கள் நம்பினார்கள். தமிழில் ‘நோயச்சம்’ போதும்.

செவிலி:
மனநலப் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். ‘ஹைப்போகாண்ட்ரியா’ ஏச்சாகிப் போனதும் ஒரு காரணமாக, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் அப்பெயர் கைவிடப்பட்டது. தங்கையின் நிலையை மருத்துவர்கள் பெரும்பாலும் ‘ஓசிடி’ என்பார்கள். தமிழில் ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்றும் எழுதுகிறார்கள். கழுவியதும் கிடைக்கும் நிம்மதி சற்று நேரத்தில் கரைந்துவிடுவதால் மீண்டும் கழுவத் தோன்றுகிறது. அண்ணனுக்கு ஸ்கேன் அறிக்கை செய்வதும் அதுவே. ஆகவே சிகிச்சையில், அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள்.

வடக்குவீதி:
‘மடி’, ‘ஆசாரம்’, ‘தீட்டு’ ஆகியவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை சாதியையும் சடங்கையும் இழுத்து வந்துவிடும். ‘சுத்தம் பார்க்கிறவள்’ என்பது நம் வீடுகளில் பாராட்டு என்பதால்தான், தோல் வெடித்து இரத்தம் கசியும் வரை அது நோய் என்று யாருக்கும் உறைப்பதில்லை.

தாமரைக்குளம்:
நன்றி. அம்மாவின் வாயில் ‘சுத்தம் பார்க்கிறவள்’ என்ற பெருமையையும், மருத்துவரின் வாயில் ‘ஓசிடி’யையும் வைக்கிறேன். அண்ணனுக்கு ‘நோயச்சம்’ கதைசொல்லியின் நடைக்குப் பொருந்துகிறது.