கழித்தல் இரண்டு

நவம்பர் மாதம் முழுவதும் நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு திரைக்கதை எழுதினோம். 30 நாளில் 100 பக்கம் என்பது இலக்கு. என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நூறைத் தொடவில்லை.

எனக்குப் பத்திரம் தட்டச்சு செய்யும் தொழில். சேலத்தில் பதிவு அலுவலகம் ஒன்றை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. காலை முதல் மாலை வரை 'இதற்கு நான்கெல்லையாவது' என்று அடித்துக்கொண்டிருப்பவன். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுவிட்டது என்றால், என் திரைக்கதையின் முதல் காட்சியில் நாயகனின் வீட்டை வர்ணிக்கும்போது 'கிழக்கே கதவு, மேற்கே ஜன்னல், வடக்கே சமையலறைச் சுவர்' என்று எழுதியிருந்தேன். எங்கள் ஐவரில் ஒருவரான டீச்சர் படித்துவிட்டு, "வீட்டைக் காட்டுகிறீர்களா, விற்கிறீர்களா?" என்று கேட்டார்.

முதல் கூட்டம் ஏற்காடு சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டூடியோவில் இன்று மிஞ்சியிருப்பது அந்த நுழைவு வளைவுதான். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-இல் இந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் 1956-இல் இவர்கள் எடுத்ததே. கருணாநிதி இங்கே வசனம் எழுதியவர். ஒரு காலத்தில் சேலத்துக்கு வேலைக்கு வருவது போலக் கதை எழுத வந்திருக்கிறார்கள்; இப்போது சேலத்துக்காரன் கதையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுகிறான். நானும் ஏறியவன்தான். ஒரு உதவி இயக்குநரிடம் ஸ்பைரல் போட்ட பிரதி ஒன்றைக் கொடுத்தேன். கதையும் திரும்பவில்லை, அந்த ஆளும் போனை எடுக்கவில்லை. முழுதாக எழுதிப் பதிவு செய்யாமல் எதையும் கைமாற்றாதே என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்யலாம். ஊருக்கெல்லாம் பத்திரம் பதிவுக்குத் தயார் செய்கிறவனுக்குத் தன் கதையைப் பதிய வேண்டும் என்று தோன்றவில்லை, பாருங்கள்.

இந்த மாதக் கணக்கு எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1999-இல் 21 பேர் சேர்ந்து ஒரே மாதத்தில் நாவல் எழுதிப் பார்த்தார்கள். அது பிறகு நவம்பரில் 50,000 சொல் என்று உலகமெல்லாம் பரவியது. அதை நடத்தியவர்களே 2007 முதல் 2012 வரை திரைக்கதைக்கென்று தனியாக ஒரு மாதம் வைத்திருந்தார்கள். அது கடைசியில் ஏப்ரலில் 100 பக்கம் என்று நிலைத்தது. நாங்கள் பக்கக் கணக்கை அங்கிருந்தும் மாதத்தை நாவல்காரர்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டோம். ஏப்ரல் என்றால் டீச்சருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. சேலத்து வெயிலும் சும்மா இருக்காது. எங்கள் எஸ்டேட் அண்ணன் மட்டும் நவம்பர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் அவர். நவம்பரில்தான் பழம் பறிப்பு சூடு பிடிக்கும். நால்வர் ஒரு பக்கம் நின்றதில் அவர் தோற்றார்.

விதி இரண்டே. இரவு பத்து மணிக்கு எல்லோரும் போனில் சேர வேண்டும். அன்றைய பக்க எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, அன்று எதிரே வந்த ஆளோ சம்பவமோ ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது விதி டீச்சர் போட்டது. எண்ணிக்கையில் பொய் சொல்லிவிடலாம், சம்பவத்தில் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் வாதம். முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவர்.

ஐந்தாவது ஆள் கல்யாண போட்டோகிராபர். முகூர்த்த மாதம். நான்காம் நாளே காணாமல் போனார்.

கல்லூரியில் படிக்கும் தம்பி எங்களையெல்லாம் மிரட்டிவிட்டான். முதல் நாள் ஒன்பது பக்கம், மறுநாள் பதினொன்று. பதினேழாம் நாள் இரவு நிதானமாக, "நூறு முடிந்தது அண்ணா" என்றான். போனில் யாரும் பேசவில்லை. டீச்சர்தான் கேட்டார், "இடைவேளை எங்கே வருகிறது?" தம்பி பக்கங்களைப் புரட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இடைவேளையே வைக்கவில்லை. நாயகன் பஸ்ஸில் ஏறி, இறங்கி, இன்னொரு பஸ்ஸில் ஏறிக்கொண்டே இருந்தான். நம் ஊரில் படத்தின் நடுவில் விளக்கு போட்டுவிடுவார்கள். அந்த நேரம் சுண்டல் வாங்கப் போகிறவன் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். மீதிப் பதின்மூன்று நாளும் அவன் நடுவைத் தேடியே கழித்தான். வேறொரு நல்ல காரியமும் செய்தான். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்கிறார்களே, அதை போனில் கடிகாரம் வைத்துச் சோதித்தான். அந்தக் கணக்கு கூரியர் எழுத்தில், 12 புள்ளி அளவில், ஆங்கிலத்துக்கு ஏற்பட்டது. தமிழில் ஒரு சொல்லே அரை வரி ஓடும். வசனம் மட்டும் உள்ள பக்கம் அவனுக்கு முக்கால் நிமிடத்தில் முடிந்தது. பேச்சே இல்லாமல் ஆள் ஒருவன் மாடி ஏறும் பக்கம் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. ஆகவே எங்கள் நூறு பக்கம் எத்தனை நிமிடப் படம் என்று கேட்காதீர்கள்.

எஸ்டேட் அண்ணன் எழுதியது பேய்க்கதை. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதின்மூன்றாவதில் ஒரு வெள்ளைச் சேலை. ஏன் பதின்மூன்று என்று கேட்டால், படத்தில் அப்படித்தான் என்பார். எட்டாம் நாள் அவர் கடைசி பஸ்ஸில் மலை ஏறியிருக்கிறார். நல்ல மூடுபனி. ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இந்த வளைவில் எப்போதாவது எதையாவது பார்த்ததுண்டா என்று விசாரித்திருக்கிறார். ஓட்டுநர் திரும்பாமலேயே, "பேயைப் பார்த்ததில்லை. காட்டெருமையைப் பார்த்திருக்கிறேன். பேய் என்றால் ஊடே ஓட்டிப் போய்விடலாமே!" என்றாராம்.

இதோடு ஓட்டுநர் நிறுத்தவில்லை. தனக்கு உண்மையில் பயம் இறங்கி வரும் சுற்றுலாக் கார்கள்தான் என்றிருக்கிறார். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பாதி மலை இறங்குவதற்குள் சக்கரத்தில் தீய்ந்த வாடை வந்துவிடும். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். அது தெரியாதவன் வளைவில் மூக்கை நீட்டிவிட்டு, பின்னாலும் போகத் தெரியாமல் ஹாரன் அடிப்பான். அண்ணன் அன்றிரவு சொன்ன எண்ணிக்கை அரைப் பக்கம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் சேலை இல்லை. மூடுபனிக்குள் ஒரு பஸ் நிற்கிறது. எதிரே ஒரு கார், அதில் புதுமணத் தம்பதி. காருக்குப் பின்னால், பனியில் பாதி கரைந்து, அசையாமல் ஒரு காட்டெருமை. காரில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. பஸ்ஸில் இருக்கிற நாற்பது பேருக்கும் தெரியும், ஆனால் ஹாரன் அடிக்க முடியாது. போனில் கேட்கும்போதே எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

டீச்சருக்கு எழுத நேரம் விடியற்காலை நாலரை மணி. அம்மாப்பேட்டையில் சின்ன வீடு. வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவார். ஒரு நாள் மாமியார் எழுந்து வந்து, இந்த நேரத்தில் யாரோடு சண்டை என்று கேட்டிருக்கிறார். கதை ஒரு தட்டுவடைக் கடைக்காரியைப் பற்றியது. கடன் கேட்டு வந்தவனிடம் அவள் நீதி பேசுகிற இடம். மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, "கடைக்காரி இத்தனை பேசமாட்டாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைக்கிற பீட்ரூட் துருவலை அவனுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்து வைப்பாள்" என்றாராம். அன்றிலிருந்து மாமியாருக்கும் நாலரை மணிக்கு ஒரு டம்ளர் காபி.

இனி என் கதை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தகப்பன். மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். அவளுக்கென்று செய்துவைத்த கொலுசைக் கையில் ஏந்தி அவர் அழுது பேசும் காட்சியை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அது என் 60, 61-ஆம் பக்கங்கள். கணக்குப்படி நாளுக்கு மூன்றேகால் பக்கத்துக்குச் சற்று மேல் வேண்டும். பத்தொன்பதாம் நாளில் 61 என்றால் பெரிதாகப் பின்தங்கவில்லை என்று அர்த்தம். தம்பியைத் தவிர எல்லோருக்கும் முன்னால் நான்தான்.

சேலத்துக்காரன்தான் என்றாலும் கொலுசுப் பட்டறைக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. பத்திரம் எழுத வந்த ஒரு பெரியவர் அந்தத் தொழில்காரர் என்று தெரிந்ததும், வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். இருபதாம் நாள் சாயங்காலம் போனேன். நான்கு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி இருந்தும் ஓடவில்லை. காற்று பட்டால் தீ நாக்கு ஆடும். வெள்ளியை ஒட்டப் பற்றவைக்கும் பொடியும் பறந்துவிடும். என் காட்சியில் தகப்பன் தலைக்கு மேல் விசிறி சுழல்வதாகவும் அதன் நிழல் அவர் முகத்தில் விழுந்து விழுந்து போவதாகவும் அழகாக எழுதியிருந்தேன். அது அங்கேயே செத்தது.

வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், செய்த கொலுசை எடை போட்டு வாங்குகிறார்கள். நடுவில் குறைவதற்குச் சேதாரம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கு மேலே குறைந்தால் செய்தவர் பொறுப்பு. வேலை முடிந்ததும் பெரியவர் விளக்குமாற்றால் தரையைக் கூட்டினார். குப்பையைக் கொட்டவில்லை, ஒரு டப்பாவில் அள்ளி மூடிவைத்தார். பிறகு எழுந்து மூலையில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் கை கழுவினார். விரல் இடுக்கு, நக ஓரம் எல்லாம் மெதுவாக, கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து. அந்தத் தண்ணீரையும் கொட்டவில்லை. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருந்தது. அதிலும் வெள்ளி இருக்கிறது என்றார். நாற்பது வருடமாக வீட்டுக்குப் போகும் முன் இப்படித்தானாம். "மனைவி இறந்த சேதி வந்த அன்றும் கழுவிவிட்டுத்தான் போனேன். வேறு என்ன செய்வது?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த இரண்டு பக்கத்தையும் அழித்தேன். அந்த இடத்தில் வந்தது இது: 'பட்டறை. உள்ளே. இரவு. சேதி சொன்னவன் வாசலில் நிற்கிறான். அவர் கொலுசைத் தராசில் வைக்கிறார். எடையைச் சிட்டையில் எழுதுகிறார். தரையைக் கூட்டுகிறார். தொட்டியில் கை கழுவுகிறார். கழுவிக்கொண்டே இருக்கிறார்.' அவ்வளவுதான். அழித்தது இரண்டு பக்கம். புதிதாக வந்த நாலைந்து வரி முந்தைய பக்கத்தின் அடியிலேயே அடங்கிவிட்டது.

இரவு பத்து மணிக்கு என் முறை வந்தபோது, "கழித்தல் இரண்டு" என்றேன். அப்படிச் சொல்ல விதியில் இடம் இல்லை என்று தம்பி வாதாடினான். பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். டீச்சர் காட்சியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. சற்று நேரம் கழித்து டீச்சர், "கழித்தல் இரண்டு என்றே எழுதிக்கொள்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு மற்றவர்களும் துணிந்துவிட்டார்கள். அண்ணன் மறுநாளே தன் வெள்ளைச் சேலைக்காரியைக் கதையிலிருந்தே நீக்கினார்: கழித்தல் ஏழு.

நவம்பர் 30 இரவு நிலவரம்: தம்பி 104, இடைவேளையோடு. டீச்சர் சரியாக 100. கடைசி ஒன்றரைப் பக்கம் மாமியார் சொல்லச் சொல்ல எழுதியது என்று சந்தேகிக்கிறோம். அண்ணன் 71, அதுவும் பறிப்புக் காலத்தில். நான் எழுதியது மொத்தம் 94, வெட்டியது 11, கையில் 83.

அடுத்த வாரம் அச்செடுத்து, ஸ்பைரல் போடுவதற்கு முன்னால் பெரியவரிடம் காட்டக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. காகிதக் கட்டை வாங்கி அப்படியே மின்தராசில் வைத்தார். 389 கிராம் காட்டியது.

"சேதாரம் எவ்வளவு?" என்றார்.

"பதினொரு பக்கம், ஐயா."

"கொஞ்சம் அதிகம்தான்" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.