சொந்தமாகக் கட்டிய கார்: பெற்றோல் லைன், கிளச் லைன் பூட்டினவர்கள் வந்து எழுதுங்கள்

கொக்குவில் வளவு:

குழாயில் ஒட்டின சசி (காரின் அடிச்சட்டம்), இரண்டு இருக்கை, டொயோட்டா 4கே எஞ்சின். பிறேக் இன்னும் பூட்டவில்லை. பெடலை அமத்தக் கிளச் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பெடல்பெட்டியோடு வந்தது, 5/8 அங்குலம். அந்த ஒயில் தள்ளக் கிளச்சை விடுவிக்கிற சிலேவ் சிலிண்டர் கியர்பெட்டியில் இருந்தது, 3/4 அங்குலம். பைப் 3/16, புதிது. குமிழி வராத மட்டும் பிளீட் பண்ணி, லைனில் இருந்த காற்றை எடுத்தாயிற்று. பெடலும் நல்ல இறுக்கம்.

இது 2022இல், பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த புதிதில். நம்பர் பிளேட் இல்லாத காருக்கு ஏது கியூஆர்? அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், அதில் களவாக எடுத்த அரைப் போத்தல்தான் எங்கள் காருக்கு. ஸ்டார்ட் பண்ணி, பெடலை அடிமட்டும் அமத்தி, முதலாம் கியரைப் போட்டேன். கார் ஆறுதலாக நகரத் தொடங்கியது. கால் தரைத்தகட்டில் இருக்கிறது, கார் கிணற்றைப் பார்த்துப் போகிறது. சுவிட்சை நிறுத்துவதற்குள் முன்குழாய் கிணற்றுக்கட்டில் முட்டி, கட்டில் இருந்த வாளி உள்ளே போய் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கராஜ் பாஸ் ஒருவர் வந்து, "லைனில காத்து நிக்குது தம்பி" என்றார். அடுத்தவர் கிளச் பிளேட் ஒட்டிப்போயிற்று என்றார். இரண்டு பேருமே சத்தியம் பண்ணாத குறை. இதே மாதிரி வேறு யாருக்கும் நடந்ததா?

சுன்னாகம் லேத்:

காற்றும் இல்லை, பிளேட்டும் இல்லை. காற்று நின்றால் பெடல் பஞ்சு போல இருக்கும், நீங்களோ இறுக்கம் என்கிறீர்கள். விடையை நீங்களே எழுதிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள்: 5/8, 3/4. சிலிண்டரின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. மாஸ்டரின் தடி ஒரு அங்குலம் போனால் உங்கள் சிலேவின் தடி 0.69 அங்குலம்தான் வெளியே வரும். பெடல் லேசாக இருக்கும், கிளச் முழுதாக விடாது. மாஸ்டரை 0.7 அங்குலத்துக்கு மாற்றினால் 0.87 வரும். 3/4 போட்டால் ஒன்றுக்கு ஒன்று, ஆனால் பெடலுக்கு இப்போது கொடுப்பதைவிட 44 வீதம் கூடப் பலம் கொடுக்க வேண்டும். 3/4 போடுவதென்றால் பெடலுக்குக் கீழே ஒரு ஸ்டொப்பர் போல்ட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் கிளச் பிளேட்டை அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் விரல்களை அளவுக்கு மீறித் தள்ளி அதையே கெடுத்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். பெடலுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள தடியில் ஒரு மில்லிமீற்றராவது ஆட்டம் விடவேண்டும். இறுக்கிப் பூட்டினால் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராது, ஒயில் ரேங்குக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். எஞ்சின் சூட்டில் ஒயில் விரியும், போக இடமில்லாமல் சிலேவைத் தள்ளும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளச் வழுக்கும். என்னிடம் வந்த ஒரு ஜீப்பில் இதே கதை. கோண்டாவில் தாண்டும் வரைக்கும் நல்ல இழுவை, பிறகு எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை. அந்த மனிசன் அதற்கு முதலே புது கிளச் பிளேட் வாங்கிப் போட்டிருந்தார். நான் பண்ணினது அந்தத் தடியின் நட்டை அரைச்சுற்றுத் திருப்பினது மட்டும்தான். காசு வாங்கவும் கூச்சமாக இருந்தது.

அதோடு பிறேக் பூட்டாத காருக்கு எவன் கியர் போடுவான்?

மினிக்காரன்:

எனது பெற்றோல் பக்கத்துக் கதை. பழைய மினியின் கூரையை வெட்டி, மினி மோக் என்கிற திறந்த கார் மாதிரிச் செய்தது. சொந்த ரேங்க் உக்கிப்போனதால் ஒரு தகரவேலைக்காரரிடம் எவர்சில்வரில் புது ரேங்க் அடித்தோம். ஒட்டு ஒவ்வொன்றும் அவ்வளவு வடிவு, ஒரு துளி ஒழுகாது.

பண்ணைப் பாலத்தில் மண்டைதீவுச் சந்திக்குக் கிட்டப் போகும்போது எஞ்சின் இருமி நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்சத் தூரத்தில் திரும்ப நிற்கிறது. வெயில், சூட்டில் பெற்றோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி அடைக்கிற வேப்பர் லொக்தான் என்று முடிவுகட்டி, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றினோம். அப்போது வலையோடு சைக்கிளில் வந்த ஒரு ஐயா நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நேரே பின்னால் போய் ரேங்க் மூடியைத் திருகினார். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது, எல்லாருக்கும் கேட்டது. "ரேங்குக்கு மூச்சுவிட வழி வைக்கேல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மூடியிலும் ஓட்டை இல்லை, பிறீதர் குழாயும் இல்லை. பம்ப் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம். மூடியைச் சும்மா வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். அவர் யார், எந்த ஊர் என்று கேட்டிருக்கலாம்.

ஏ40 அப்பா:

தம்பிமார் சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் கணக்குப் போடுகிறீர்கள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் எங்கள் ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய், நடுவில் ஒரு ராப். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மனிபோல்ட் சூடானதும் ராப்பைத் திருப்பினால் மண்ணெண்ணெய். நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோல். அதை மறந்தால் அடுத்த நாள் காலை தள்ளத்தான் வேண்டும். வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். பெரியாஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போன இரவு, ராப்பைத் திருப்பும்போது கை நடுங்கினது மட்டும் மறக்கவில்லை. சேலைன் குழாய் ஒரு நாளும் எங்களைக் கைவிடவில்லை.

சுன்னாகம் லேத்:

ஐயா, அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை, அதை மதிக்கிறேன். ஆனால் இதை வாசித்துவிட்டு நாளைக்கு ஒருவன் சேலைன் குழாய் வாங்கப் போவான். அந்தப் பிளாஸ்ரிக் பெற்றோலில் கிடந்தால் விறைத்துப் பிளக்கும். பிளக்கிற இடம் பெரும்பாலும் கிளிப்புக்குப் பக்கம், அதற்குக் கீழே சைலன்சர். பெற்றோலுக்கென்று விற்கிற றபர் ஹோஸ் வாங்குங்கள். கார்பரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ அழுத்தம் கூடப் போதும், இஞ்செக்சன் என்றால் 40க்கு மேல், அதற்கு ஹோஸும் வேறு கிளிப்பும் வேறு.

ஏ40 அப்பா:

கைவிட்டது என்று நான் எழுதினேனா?

வதிரித் தங்கச்சி:

நான் கார் கட்டவில்லை, அண்ணா கட்டினார். கிளச் லைனைப் பிளீட் பண்ண நான் பெடல் மிதித்தவள். "அமத்து", "பிடி", "விடு" என்று கீழே இருந்து சத்தம் வரும். சீற் இன்னும் பூட்டவில்லை, நான் மாஜரீன் பெட்டியில் இருந்து மிதிக்கிறேன். நுளம்பு கடித்தாலும் காலை எடுக்க ஏலாது. காற்று வெளியே வருகிற நிப்பிளை அண்ணா இறுக்க முதல் நான் விட்டுவிடுகிறேன் என்று பேச்சு வேறு.

கடைசியில் பாமசியில் பெரிய சிரிஞ்ச் வாங்கிவந்து, அதற்கு ஒரு குழாய் மாட்டி, சிலேவின் நிப்பிள் வழியாகக் கீழிருந்து ஒயிலைத் தள்ளச் சொன்னவள் நான்தான். மேலே மாஸ்டரின் ஒயில் ரேங்குக்குள் குமிழிகள் பொலுபொலுவென்று வந்தன. காற்று இயல்பாக மேலேதான் போகும், அதை ஏன் கீழே இழுக்கவேண்டும்? அண்ணா இன்றுவரை இதைத் தன்னுடைய யோசனை என்றுதான் ஊருக்குச் சொல்கிறார்.

அப்புறம், சிரிஞ்சில் இருந்து புது நீலப் பெயின்டில் சொட்டினதை அவர் பழந்துணியால் துடைத்தார். விடியப் பார்த்தால் போனற்றில் உள்ளங்கையளவு தோல் உரிந்து நிற்கிறது. கிளச்சுக்கும் பிறேக்குக்கும் ஊற்றுகிற ஒயில் வகைகளில் டொட் 3, டொட் 4 இரண்டும் பெயின்டைத் தின்னும். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். டொட் 5 பெயின்டைத் தின்னாது என்று யாரும் எழுத முதல் சொல்கிறேன், அது சிலிக்கோன், மற்ற இரண்டோடும் கலக்கக் கூடாது.

கொக்குவில் வளவு:

3/4 மாஸ்டர் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கிடைக்கவில்லை, கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வருகிறது. அதன் வாய் வேறு இடத்தில் இருப்பதால் பைப்பையும் புதிதாக வளைக்கவேண்டும். யாரிடமாவது பைப்பின் நுனியை இரட்டையாக மடித்து விரிக்கிற டபிள் பிளேரிங் செட் இருக்கிறதா? ஞாயிறு ஒரு நாள் தந்தால் போதும், நானே வந்து எடுக்கிறேன்.

சுன்னாகம் லேத்:

என்னிடம் இருக்கிறது. வரும்போது பழைய மாஸ்டரையும் கொண்டுவாருங்கள், வேறு ஒரு தம்பி 5/8 தேடுகிறார்.