சாட்சி எழுத உட்காரும்போது

கோவில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, கர்த்தர் நம்மை நடத்தின விதத்தைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல ஐயர் (சபைப் போதகர்) கேட்டுவிட்டால், நம்ம பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் முதலில் வசனம் தேடுகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது வீட்டுப் பெரிய வேதாகமத்தை. அதன் வெற்றுத்தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று பெரியவர்கள் குறித்து வைத்திருப்பார்கள். மை மாறும் இடத்தைப் பாருங்கள். ஒரு கையெழுத்து நின்று இன்னொன்று தொடங்குவதற்குள் எத்தனை வருஷம் போயிருக்கிறது? சொல்லப்படாத கதை அங்கேதான் கிடக்கும்.

தேதி உதைத்தால் சேகரப் பதிவேட்டைப் பாருங்கள் (சேகரம் என்பது ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்). நாசரேத், மெஞ்ஞானபுரம் குடும்பங்கள் கவனிக்க: 1986 அக்டோபருக்கு முந்தின காகிதத்தில் மாவட்டம் திருநெல்வேலி என்றே இருக்கும்; 2003 வரை திருமண்டலமும் (பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) அதேதான். ஆனால் பதிவேடு பெயரைத் தரும், பட்டதைத் தராது. 1780-ல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா, ஞானஸ்நானம் பெற்ற ஒரு விதவை. அந்த அம்மா அந்த வரிக்கு வந்து சேர்ந்த பாடு வரியில் இல்லை.

இனி நோட்டு. வருஷவாரியாக எழுதினால் பாதியில் நின்றுவிடும். குடியிருந்த வீடுவாரியாக எழுதுங்கள். இடப்பக்கம் நடந்தது மட்டும். அங்கே 'கர்த்தர்' என்ற சொல்லே வரக் கூடாது. வலப்பக்கம் காலி. ஒரு வாரம் கழித்து வாசித்துவிட்டு அதில் எழுதுங்கள். வேதாகமத்தில் யாக்கோபுக்கு, கர்த்தர் அந்த இடத்தில் இருந்தார் என்பது பெத்தேலில் தூங்கி விழித்த பிறகுதான் தெரிந்தது. எம்மாவு ஊருக்குப் போன இருவருக்கும், கூட நடந்து வந்தவர் இயேசு என்பது அவர் அப்பம் பிட்டபோதுதான். நடக்கிறபோதே எல்லாம் விளங்கின மாதிரி எழுதினால் கேட்கிறவர்களுக்குப் பொய் தட்டும்.

'ஆண்டவர் அற்புதமாய் நடத்தினார்' என்பது யார் வாழ்க்கைக்கும் பொருந்தும். 'ஐப்பசி மழையில் ஓடு சரிந்த ராத்திரி, எதிர்வீட்டு அக்கா அரிக்கேனும் ரெண்டு சாக்குமாக வந்து நின்றாள்' என்பது ஒரு வீட்டுக்கு மட்டும். அக்கா சண்டைக்காரி என்றால் அதையும் விடாதீர்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். 'டாக்டர் கைவிட்டுட்டார்' என்ற வரி. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அநேகமாக அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்தது, நமக்குத் துரோகம் செய்தவன் படுக்கையில் விழுந்ததைத் தேவநீதி என்பது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் அதே கோவிலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது, கேட்டுக் கிடைக்காத ஜெபத்தை மறைப்பது. அதில் ஒன்றாவது இருக்கட்டும், விளக்கம் சேர்க்காமல்.

ஐந்து நிமிஷத்துக்குக் கோடு போட்ட நோட்டில் மூணு பக்கம் போதும்.

*

மேல அண்ணாச்சி எழுதுனது, தன் சாட்சியைத் தானே எழுதத் தெரிஞ்சவங்களுக்கு. ஆச்சிமார்கிட்ட கேட்டு எழுதுறது வேற வேலை.

'ஆண்டவர் உங்களை எப்படி நடத்துனாரு?'ன்னு கேட்டா கன்வென்ஷன் கூட்டத்துல கேட்ட பிரசங்கம்தான் திரும்பி வரும். போனை முன்னால நீட்டாதீங்க. முருங்கைக்கீரை உருவும்போது கூட உட்கார்ந்து நீங்களும் உருவுங்க. வருஷம் கேட்கவே கேட்காதீங்க. 'தனுஷ்கோடி புயலுக்கு முந்தியா பிந்தியா?'ன்னா 1964 டிசம்பர் கிடைச்சிரும். '92 தாமிரபரணி வெள்ளம்'னா நவம்பர். பிறகு, 'அப்ப அடுப்புல என்ன எரிச்சீங்க, யாரு வீட்டுல உப்பு கடன் வாங்குனீங்க?' இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் ஆள் பேரு வரும்.

கைப்பிடி அரிசிப் பானையை மறக்காம கேளுங்க. தினமும் உலை வைக்குமுன்ன ஒரு கைப்பிடி எடுத்துக் கோவிலுக்குன்னு போட்டு வைக்கிற பானை. அதுல போடாம விட்ட மாசம் எது, அதுல இருந்தே எடுத்துப் பொங்குன நாள் எது? ரெண்டாவதைச் சொல்ல நேரமாகும். கீரையை உருவிக்கிட்டே இருங்க, குறுக்க பேசாதீங்க.