கடையின் ரேட்டபிள் வேல்யூ (பிசினஸ் ரேட்ஸ் எண்ட கடை வரியைக் கணக்கிடப் போடுற பெறுமதி) 14,250லிருந்து 18,000 பவுண். கணக்கு எப்பிடி வருது?

மூலைக்கடை:
கிழக்கு லண்டனில் பலசரக்குக் கடை. 2023 பட்டியலில் ரேட்டபிள் வேல்யூ 14,250. 2026 ஏப்ரலில் இருந்து 18,000 எண்டு போட்டிருக்கினம். வியாபாரமும் கூடேல்லை, வாடகையும் கூடேல்லை. கடை உள்ளகலம் 5.5 மீட்டர், ஆழம் 15 மீட்டர், பின்னால 20 சதுர மீட்டர் ஸ்டோர். கவுன்சிலோட கதைச்சா குறைப்பினமோ?

அளவுநாடா:
கவுன்சில் பில் அனுப்புற ஆக்கள் மட்டும்தான். பெறுமதி போடுறது வேல்யுவேஷன் ஒஃபிஸ். உங்கட லாபத்தை அவை பாக்கிறேல்லை (பப், பெற்றோல் ஸ்டேஷன் கதை வேற, அங்க விற்பனை அளவும் கணக்கில வரும்). திருத்த வேலையும் இன்சூரன்சும் வாடகைக்காரர் தலையில எண்டு வைச்சு, 2024 ஏப்ரல் 1இல அந்தக் கடை வருசத்துக்கு என்ன வாடகைக்குப் போயிருக்கும் எண்டதுதான் கேள்வி. பழைய பட்டியலுக்கு அந்தத் திகதி 2021 ஏப்ரல் 1. கொரோனாவில கடை வாடகை படுத்துக் கிடந்த நேரம். ஏறினதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

கடையை முன்கண்ணாடியில இருந்து 6.1 மீட்டர் (பழைய 20 அடி) துண்டாப் பிரிப்பினம். முதல் துண்டு A, சதுர மீட்டருக்கு முழு விலை. அடுத்தது B, அரைவாசி. பிறகு C, கால்வாசி. உங்கட அளவுக்கு A 33.55, B அதில பாதி 16.78, மிச்ச 2.8 மீட்டர் ஆழத்துக்கு C 3.85. கூட்டினா 54.18 சதுர மீட்டர். A விலை 300 பவுண் எண்டு வைச்சா 16,254. ஸ்டோரைப் பத்தில ஒரு விலைக்குப் பிடிச்சா இன்னும் 600. மொத்தம் 16,850 சொச்சம்தான், 18,000 வரேல்லை. ஒண்டில் A விலை கூட, இல்லாட்டி அளவு பிழை. அரசாங்க இணையத்தளத்தில உங்கட கடையின்ர விபரத்தை வரிவரியாப் பாருங்கோ. பக்கத்துக் கடைகளின்ர A விலையும் அங்க தெரியும்.

வரிக்கணக்கு:
பில்லைப் பொறுத்தவரை பயப்படுமளவுக்கு இல்லை. 2025-26இல் 14,250ஐ வரி விகிதமான 49.9 பென்சால் பெருக்கினால் 7,111 பவுண். சிறுவணிகக் கழிவு 25 வீதம், பிறகு சில்லறைக் கடைக் கழிவு 40 வீதம் போக ஏறத்தாழ 3,200 கட்டியிருப்பீர்கள். இப்போது 15,000ஐத் தாண்டியதால் முதலாவது போய்விட்டது, இரண்டாவது எல்லோருக்குமே நின்றுவிட்டது. புதிய சில்லறை விகிதம் 38.2 பென்ஸ், அதன்படி 6,876. ஆனால் கழிவை இழந்தவர்களுக்கு ஏற்றத்துக்கு உச்சவரம்பு உண்டு: 800 பவுண் அல்லது இடைக்கால நிவாரண வரம்பு (பெறுமதி ஏறும்போது பில் ஒரேயடியாக ஏறாமல் தடுக்கும் வரம்பு), எது பெரிதோ அது. ஆகவே இந்த வருடம் 4,000 அளவில் வரவேண்டும். பில்லில் அந்த உச்சவரம்பைக் காட்டவில்லையென்றால், அப்போதுதான் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.

மூலைக்கடை:
பாத்தன். A விலை 300தான். ஆனா A பரப்பு 36 எண்டு கிடக்கு.

அளவுநாடா:
பிடிபட்டுது. 36ஐ 6.1ஆல பிரிச்சா 5.9. வெளிச்சுவர் தொடக்கம் வெளிச்சுவர் மட்டும் அளந்திருக்கினம் போல. B, C ரெண்டும் அதே அகலத்தில போனா 18,000 கிட்ட வரும். சுவர்ப் பூச்சுக்கு உள்ளால, ராக்கை விலத்தி அளந்து, வரைபடத்தோட "செக்" (விபரத்தைச் சரிபார்க்கச் சொல்லி வேல்யுவேஷன் ஒஃபிஸுக்குக் குடுக்கிற விண்ணப்பம்) போடுங்கோ. அதுக்குக் கட்டணமில்லை. கடையை அவையின்ர தளத்தில உங்கட இணையக் கணக்கில சேர்க்க லீஸோ பில்லோ கேப்பினம். 12 மாதம் வரை இழுக்கலாம், அதுவரை பில்லைக் கட்டுங்கோ. பதில் பிடிக்காட்டி 4 மாதத்துக்குள்ள "சலஞ்ச்" (பெறுமதியை எதிர்த்துக் கேக்கிற அடுத்த படி). அதில உங்கட பெறுமதியையும் முழு ஆதாரத்தையும் முதலே வைக்கவேணும், பிறகு ட்ரிபியூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) போகேக்க புதுசா ஒண்டைச் செருகிறது கஷ்டம். போன் பண்ணி "குறைச்சுத் தாறம், முற்பணம் கட்டுங்கோ" எண்டுறவைக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

ஒண்டைக் கவனியுங்கோ: எயர்கண்டிசன் மாதிரி விடுபட்டது ஏதும் இருந்தா பெறுமதி ஏறவும் கூடும்.

வரிக்கணக்கு:
800 வரம்பு இருப்பதால் 16,850 ஆனாலும் இந்த வருடப் பில் அசையாது. ஆனாலும் செக் போடுங்கள். இல்லையென்றால் 2029 மறுமதிப்பீட்டுக்கும் இதே 36தான் போகும்.